உவரிக் கரையில் காலில் ஒட்டிய தார் எந்தக் கப்பலோடது?

கச்சான்காற்று (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கப்பல் மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கரையில் நடந்தபோது காலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. கடற்கரை நெடுக நாவல்பழம் அளவில் கறுப்பு உருண்டைகள், மேலே மணல் அப்பிக் கிடந்தன. மிதித்த பிறகுதான் தார் என்று தெரிந்தது. கல்லில் தேய்த்தும் போகவில்லை. சித்தி தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தாள், அதில்தான் போனது. "கச்சான் அடிச்சா இது வரும்லா, புதுசாப் பார்க்கியோ?" என்று சிரித்தாள். கச்சான் என்றால் எங்கள் ஊரில் தென்மேற்குக் காற்று.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாளைக்கு முன்னால் அவருடைய நெத்திலி வலையில் ஒரு பாகம் முழுக்க இதே தார். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் பார்த்து, முடியாமல், அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு வேறு கோத்திருக்கிறார். செலவு யார் தலையில்? அவர் தலையில்தான்.

இங்கே கப்பலில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். எண்ணெய்க் கப்பல்கள் நம்ம கரைக்கு எவ்வளவு பக்கத்தில் போகின்றன? 2020 செப்டம்பரில் இலங்கைக்குக் கிழக்கே நியூ டயமண்ட் என்ற டேங்கர் தீப்பிடித்ததே, அப்படி ஒன்று உவரிக்கு நேரே நடந்தால் என்ன ஆகும்?

ராதாபுரம் மாப்ள

அணு உலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தார் உருண்டைக்குப் பயப்படுகிறாயே மக்கா. இந்தியாவுக்கு வேண்டிய குரூடில், அதான் கச்சா எண்ணெயில், 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அது கப்பலில் வராமல் வள்ளியூர் வண்டியிலா வரும்? உன் சித்தப்பா வல்லத்தில் மாட்டியிருக்கிற எஞ்சினுக்கு ஊற்றுகிறதும் அதே எண்ணெய்தான்.

கச்சான்காற்று

கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே மாப்ள. வலைக்கு யார் காசு தருவார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பழைய பம்ப்மேன்

தம்பி, எனக்குக் கூட்டப்பனை. 22 வருஷம் டேங்கரில் ஓடி, சரக்குப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற பம்ப்மேனாக இறங்கியவன். தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

வளைகுடாவில் குரூட் ஏற்றிக்கொண்டு சீனா, ஜப்பான், கொரியா போகிற பெரிய டேங்கர்கள் நம்ம கரையோரம் வருவதில்லை. லட்சத்தீவின் மினிக்காய்ப் பக்கம் தாண்டி, குமரிக்குத் தெற்கே வெகுதூரம் விலகி, இலங்கையின் தென்நுனியான தேவேந்திரமுனையைச் சுற்றி மலாக்கா நீரிணைக்குப் போகும். அந்த முனைக்கு வெளியே போகிற கப்பலுக்கு ஒரு பாதை, வருகிற கப்பலுக்கு ஒரு பாதை என்று கடலிலேயே பிரித்திருக்கிறார்கள், நடுவில் தடுப்பு வைத்த நாலுவழிச் சாலை மாதிரி. ஒடிசாவில் இருக்கிற பாரதீப்புக்குப் போகிற பெரிய குரூட் கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் வடக்கே திரும்பும். நம்ம கரையில் நின்றால் ராத்திரி விளக்குத் தெரிகிறதே, அது குமரியைச் சுற்றித் தூத்துக்குடிக்கு வந்து போகிற கப்பல்கள்: நிலக்கரி, கண்டெய்னர், பாமாயில் டேங்கர், பெட்ரோல் டீசல் கொண்டுவருகிற சின்ன டேங்கர்.

பெரிய டேங்கர் என்றால் எவ்வளவு பெரிசு என்று ஊரில் கேட்பார்கள். நீளம் 330 மீட்டர், அகலம் 60 மீட்டர், உள்ளே 20 லட்சம் பீப்பாய். நம்ம திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தை அப்படியே தூக்கி அதன் முதுகில் வைத்தால் இன்னும் இடம் மிஞ்சும். முழுச் சுமையில் 20 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும்.

நியூ டயமண்ட் அந்த அளவுக் கப்பல்தான். குவைத்தின் மினா அல் அகமதியில் ஏற்றிய 2,70,000 டன் குரூடோடு பாரதீப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் அறையில் வெடித்துத் தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் செத்துப்போனார், மற்ற 22 பேரும் பிழைத்தார்கள். இந்தியக் கடலோரக் காவல் படையும் இலங்கைக் கடற்படையும் நாள்கணக்கில் தண்ணீர் அடித்தன. அணைந்த தீ மறுபடி மூண்டது, மறுபடி அணைத்தார்கள். ஆனால் சரக்குத் தொட்டி எதுவும் உடையவில்லை. கடலில் கலந்தது கப்பலின் சொந்த எரிபொருள். இதை ஞாபகத்தில் வையுங்கள், மறுபடி வருகிறேன்.

மணப்பாட்டு வாசி

சேதுக் கால்வாய் வந்திருந்தால் இந்த டேங்கர் எல்லாம் மணப்பாட்டுக்கு நேரேதான் போயிருக்கும். நல்லவேளை.

பழைய பம்ப்மேன்

இல்லை அண்ணாச்சி. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தோண்ட நினைத்த ஆழமே 12 மீட்டர். 20 மீட்டர் இறங்குகிற கப்பல் அதில் எப்படி நுழையும்? பாதி காலியாக வந்தாலும் நடக்காத காரியம். ஆனால் சின்ன டேங்கர்கள் வந்திருக்கும், அதுவும் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளுக்குப் பக்கத்தில். பவளத்தின் மேல் எண்ணெய் படிந்தால் சுரண்டி எடுக்கிற வேலை இல்லை அது. அந்த அளவில் உங்கள் பயம் சரிதான்.

ராதாபுரம் மாப்ள

அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கள். டேங்கர் வேலை பயமா?

பழைய பம்ப்மேன்

பயம் இல்லை என்று சொன்னால் பொய். பம்ப் ரூம் என்பது கப்பலின் அடிவயிறு. ஏழெட்டு மாடி ஆழத்துக்கு இரும்பு ஏணி, செங்குத்தாக. இறங்குவதற்கு முன்னால் கால் மணி நேரமாவது காற்றாடி ஓட வேண்டும், மீட்டரில் ஆக்சிஜன் 20.9 காட்ட வேண்டும், அப்புறம்தான் முதல் படியில் கால். என் முதல் கப்பலில் ஒரு கிழட்டுப் போசன் (மாலுமிகளுக்கு மேஸ்திரி) சொல்லிக்கொடுத்தது: அழுகின முட்டை நாற்றம் வந்தால் வெளியே வா, வந்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால் அதைவிட வேகமாக வா, ஏனென்றால் நின்றது வாயு இல்லை, உன் மூக்கு. ஹைட்ரஜன் சல்பைடு அப்படித்தான், முதலில் மோப்பத்தைக் கொன்றுவிட்டு அப்புறம் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நிறைந்த டேங்கரைவிடக் காலி டேங்கருக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். வெல்டிங் பட்டறையில் காலி டீசல் பீப்பாய் வெடித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே கதை. எரிகிறது எண்ணெய் இல்லை, ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். 1969 டிசம்பரில் ஒரே மாதத்துக்குள் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, காங் ஹாகோன் 7 என்று மூன்று பெரிய கப்பல்கள் வெடித்தன. மூன்றும் காலித் தொட்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தவை. அந்தத் தண்ணீர்த் தூறலிலேயே மின்னேற்றம் உண்டாகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. அதற்குப் பிறகுதான் பாய்லர் புகையைக் கழுவிக் குளிர்வித்துத் தொட்டிக்குள் செலுத்தி, ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழேயே வைத்திருக்கிற முறை கட்டாயமானது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பொறி விழுந்தும் பிரயோஜனம் இல்லை.

டெக்கில், அதாவது கப்பலின் மேல்தளத்தில், நைலான் சட்டை கிடையாது, செல்போன் கிடையாது. மழைத் தண்ணீர் ஓடுகிற ஓட்டைகளைக்கூடச் சரக்கு ஏற்றும்போது அடைத்துவிடுவோம், சிந்தினால் கடலுக்குப் போகாமல் டெக்கிலேயே நிற்கட்டும் என்று. ராத்திரி மழை பெய்தால் காலையில் அந்தத் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறம் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடைப்பைத் திறப்பேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. முற்றத்துத் தண்ணீரை உற்றுப் பார்த்தால் என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

பாளை டீச்சர்

பம்ப்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நான் வேதியியல் டீச்சர்.

தார் உருண்டை எப்படி உண்டாகிறது? கடலில் குரூட் விழுந்தால் லேசான பாகம் ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். மிச்சத்தை அலை அடித்து அடித்துத் தண்ணீரோடு கலக்கும், மோர் கடைந்தால் வெண்ணெய் திரளுகிற மாதிரி. அந்தக் கலவை மூன்று நாலு மடங்கு ஊதி, பழுப்பாக, கொழகொழவென்று நிற்கும். ஆக 100 டன் கொட்டினால் கரையில் 100 டன்தான் அள்ள வேண்டும் என்று நினைக்காதீர்கள். கடைசியில் கனமானது மட்டும் உருண்டு திரண்டு, மணலும் சிப்பித்தூளும் ஒட்டி, வாரக்கணக்கில் மிதந்து கரை சேரும். உங்கள் காலில் ஒட்டியது அந்தக் கடைசிக் கட்டம் தம்பி. நேற்று நடந்த விபத்து இல்லை.

பெட்ரோல், டீசல் டேங்கர் விபத்து வேறு மாதிரி. 2018 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் சாஞ்சி என்ற டேங்கர் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி எரிந்தது. உள்ளே இருந்தது 1,36,000 டன் கண்டன்சேட், பெட்ரோலுக்கு அண்ணன் மாதிரி லேசான எண்ணெய். அதில் இருந்த 32 பேரும் இறந்தார்கள். டோரி கேனியன் மாதிரி நூறு மைல் கறுப்புக் கரை அங்கே இல்லை. கரைக்காரனுக்கு ஆபத்துக் குறைந்த எண்ணெய், கப்பலில் இருக்கிறவனுக்கு ஆபத்து மிகுந்த எண்ணெய். கரையை நாசமாக்குவது கனமான எண்ணெய்தான், முக்கியமாகக் கப்பல் எஞ்சினுக்கு எரிக்கிற அந்தக் கீல் மாதிரிக் கறுப்பு எண்ணெய்.

மணப்பாட்டு வாசி

டோரி கேனியனா, அது என்ன டீச்சர்?

பாளை டீச்சர்

1967 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பாறையில் ஏறின டேங்கர். சுமார் 1,19,000 டன் குரூட். என்ன செய்வதென்று அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. விமானத்தில் போய்க் குண்டு போட்டு எரிக்கப் பார்த்தார்கள். கரையில் சுமார் 10,000 டன் சோப்பு மருந்தைக் கொட்டினார்கள். பாறையில் இருந்த சிப்பி, நத்தைகளை எண்ணெய் கொன்றதைவிட அந்த மருந்து அதிகம் கொன்றது. இன்றைய கடல் மாசுச் சட்டங்கள் பாதிக்கு மேல் அந்த ஒரு கப்பலில் இருந்துதான் பிறந்தன.

ராதாபுரம் மாப்ள

சட்டம் வந்தது, குறைந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

பழைய பம்ப்மேன்

குறைந்தது மாப்ள, அதை மறைக்கக் கூடாது. 700 டன்னுக்கு மேல் கொட்டுகிற டேங்கர் விபத்துகள் 1970களில் வருஷத்துக்குச் சராசரி 79. 2010களில் 2க்கும் கீழே. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் பாறையில் ஏறி சுமார் 37,000 டன் கொட்டியபோது அதற்கு ஒற்றைத் தோல்தான். அதற்குப் பிறகு இரட்டைத் தோல் கட்டாயம்: வெளித்தகட்டுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. தேங்காய்க்கு ஓடும் மட்டையும் மாதிரி. மட்டை கிழிந்தாலும் ஓடு நிற்கும்.

ஆனால் இப்போது ஒரு புதுத் தலைவலி. தடை விதிக்கப்பட்ட நாட்டு எண்ணெயை ஓட்டுவதற்கென்றே பழைய டேங்கர்களை வாங்கி, கொடியை மாற்றி, பெயரை மாற்றி, இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். நடுக்கடலில் ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றுவதும் உண்டு. இன்சூரன்ஸ் உண்மையா என்று அடிபட்ட பிறகுதான் தெரியும். என்னோடு ஓடின பையன் ஒருவனை ஒரு ஏஜென்ட் இரட்டைச் சம்பளம் என்று கூப்பிட்டான். கப்பலின் வயசைக் கேட்டால் ஏஜென்ட் பேச்சை மாற்றினான். போகாதே என்று சொன்னேன். இங்கே உள்ள பையன்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

வல்லக்காரன்

எல்லாம் சரி. நீவாட்டை, அதான் கடல் நீரோட்டத்தை, பற்றி யாரும் பேசவில்லையே.

கச்சான் காலத்தில் கேரளக் கரையோரம் நீரோட்டம் தெற்கே இறங்கி, குமரியைத் திரும்பிக் கிழக்கே வரும். அதனால் கொச்சிக்கு நேரே எது கவிழ்ந்தாலும் நம்ம பக்கம் எட்டிப் பார்க்காமல் போகாது. 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியதே, 640 கண்டெய்னரோடு. கன்னியாகுமரிக் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும். எங்கள் மாமா பையன் கையில் அள்ளிக்கொண்டு வந்து பாயசம் வைக்கலாமா என்று கேட்டான். சிரிக்கிற விஷயம் இல்லைதான். ஒரு மாசத்துக்கு எங்கள் மீனை யாரும் நல்ல விலைக்குக் கேட்கவில்லை. மீனில் ஒன்றும் இல்லை, சனங்கள் மனசில் இருந்தது.

அது டேங்கரே இல்லை. அதிலும் எஞ்சினுக்கு எரிக்கிற 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்ததாகச் சொன்னார்கள்.

பழைய பம்ப்மேன்

இதைத்தான் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன். 2017 ஜனவரியில் எண்ணூரில் என்ன நடந்தது? டான் காஞ்சிபுரம், பிடபிள்யூ மேப்பிள், இரண்டும் டேங்கர். மோதியதில் கொட்டியது சரக்கு இல்லை, எஞ்சின் எரிக்கிற கறுப்பு எண்ணெய். முதலில் பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றார்கள். அப்புறம் கணக்கு ஏறிக்கொண்டே போனது. மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளினார்களே, பார்த்திருப்பீர்கள். நியூ டயமண்டிலும் அதே எரிபொருள்தான். இரட்டைத் தோல் போட்டுக் காப்பாற்றுவது சரக்கை. எரிபொருள் தொட்டிக்கும் அந்தக் காப்பு வேண்டும் என்ற விதி வெகு காலம் கழித்துத்தான் வந்தது. பழைய கப்பல்களில் கிடையாது.

உங்கள் தாருக்கு வருகிறேன் தம்பி. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தொட்டி கழுவின தண்ணீரைக் கடலில் விடச் சட்டமே அளவு வைத்திருக்கிறது: கரையில் இருந்து 50 கடல்மைலுக்கு வெளியே, ஓடிக்கொண்டே, ஒரு மைலுக்கு 30 லிட்டர் எண்ணெய்க்கு மேல் போகாமல், மொத்தத்தில் ஏற்றிய சரக்கில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள். 2,70,000 டன் கப்பலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 9 டன். இது ஒழுங்காக நடக்கிறவன் கணக்கு. ஒழுங்கில்லாதவன் எஞ்சின் அறைக் கழிவு எண்ணெயை வடிகட்டியில் விடாமல் ராத்திரி ஒரு தனிக் குழாய் மாட்டி நேரே கடலில் விடுவான். கப்பல்காரர்கள் அதை மாயக் குழாய் என்பார்கள். நான் ஓடிய ஒரு கப்பலில் அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஒப்பந்தம் வேண்டும், மூத்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

உன் சித்தப்பா வலையில் அப்பியது அந்த மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

ராதாபுரம் மாப்ள

சரி, இதற்கு நான் பதில் சொல்லவில்லை அண்ணாச்சி.

கச்சான்காற்று

அண்ணாச்சி, நீங்கள் இதை எழுதியதே பெரிது. ஆனால் சித்தப்பா கேள்வி அப்படியே நிற்கிறது. யாரிடம் கேட்பது?

வக்கீல் குமாஸ்தா

நான் சொல்கிறேன். கடல் வழக்கு ஒன்றில் தாள் புரட்டியதால் கொஞ்சம் தெரியும்.

டேங்கரில் இருந்து குரூட் போலக் கனமான எண்ணெய் கொட்டினால் உரிமையாளர் தப்பு செய்தாரா இல்லையா என்ற பேச்சே கிடையாது, அவருடைய இன்சூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். அது போதாவிட்டால் எண்ணெய் இறக்குமதி செய்கிறவர்கள் பணம் போட்டு நடத்துகிற சர்வதேச நிதி ஒன்று இருக்கிறது, அது கொடுக்கும். 1992 ஒப்பந்தங்கள், இரண்டிலும் இந்தியா உறுப்பு. வலை நாசமானது, கடலுக்குப் போகாமல் இழந்த வருமானம், இரண்டுக்கும் கேட்கலாம். நஷ்டம் ஏற்பட்ட நாளில் இருந்து 3 வருஷத்துக்குள் கேட்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், இது ஒரு கப்பலில் இருந்துதான் வந்தது என்று நாம் காட்ட வேண்டும். கரையில் கிடக்கிற தாருக்குப் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. அப்புறம் வருமானத்துக்குத் தாள் வேண்டும். நம்ம ஆட்கள் ஏலத்தில் விற்றுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன வருஷம் இதே மாதம் எவ்வளவு நெத்திலி பட்டது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் எந்த நிதியும் பணம் தராது.

வல்லக்காரன்

சீட்டு ஏலக்காரரிடம் இருக்கும். கேட்டால் தருவார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பாளை டீச்சர்

தாருக்குப் பெயர் இல்லை என்றாலும் கைரேகை உண்டு. ஒவ்வொரு எண்ணெய்க் கிணற்றுக்கும், ஒவ்வொரு எரிபொருளுக்கும் உள்ளே இருக்கிற மூலக்கூறுகளின் விகிதம் தனித்தனி. ஆய்வுக்கூடத்தில் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் அதைப் படித்து, சந்தேகப்படுகிற கப்பலின் தொட்டியில் எடுத்த மாதிரியோடு ஒப்பிடுவார்கள். அதற்கு நம் பக்கம் மாதிரி இருக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் வேண்டாம், பிளாஸ்டிக்கில் இருந்தே எண்ணெய்ப் பொருள் ஊறும். வெயில் படாமல், குளிர்ச்சியான இடத்தில். எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி ஒரு போட்டோ.

பழைய பம்ப்மேன்

படலம் மிதப்பதைக் கடலிலேயே பார்த்தால் கரைக்கு வரும்வரை காத்திராமல் 1554க்கு அடியுங்கள், கடலோரக் காவல் படை. தூத்துக்குடியில் அவர்கள் நிலையம் இருக்கிறது. இடத்தை வல்லத்தில் இருக்கிற ஜிபிஎஸ் எண்ணோடு சொல்லுங்கள். "உவரிக்குத் தெற்கே" என்றால் விமானம் எங்கே போய்த் தேடும்?

கச்சான்காற்று

இப்போதுதான் சித்தப்பாவிடம் பேசினேன். வெட்டி எறிந்த வலைத் துண்டு வாடியிலேயே கிடக்கிறதாம், குப்பைக்குப் போகவில்லை. அதில் இருந்து சுரண்டி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் அடைத்தாயிற்று. சித்தி நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாளாம், நாரத்தை வாசம் மட்டும் போகவில்லையாம். டீச்சர், அதனால் பாதகம் உண்டா?

பாளை டீச்சர்

நாரத்தை எண்ணெயும் கருவியில் காட்டும்தான். சோப்பு வேண்டாம், புதுப் பாட்டில் வாங்கச் சொல்லுங்கள். மூடிக்கு உள்ளே அலுமினியத் தாளை வையுங்கள்.

கச்சான்காற்று

சொல்லிவிட்டேன். நாளை திசையன்விளைச் சந்தைக்குப் போகிறார், வாங்கி வருவார். ஃபிரிட்ஜில் வைக்க மட்டும் சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. மாவுச் சட்டி பக்கத்தில் தாரா என்கிறாள்.

பழைய பம்ப்மேன்

மண்பானைத் தண்ணீர் பக்கத்தில் வைக்கச் சொல்லு. தேதி எழுதினார்களா?

கச்சான்காற்று

எழுதியாச்சு அண்ணாச்சி. மிதவையில் அடையாளம் போடுகிற சிவப்புப் பெயிண்டில்.